ஹெவி மெட்டலுக்கு என் ஓட்டு 1990-க்குத்தான்

“ஹெவி மெட்டலின் தலைசிறந்த ஆண்டு எது? அந்த ஆண்டில் வந்த ஆல்பங்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை, ஏன்?” என்பது கேள்வி.

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் 1986 என்று சொல்லிவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை. மார்ச்சில் மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, அக்டோபரில் ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’, அதே ஆண்டில் மெகாடெத்தின் ‘பீஸ் செல்ஸ்’. இந்த மூன்றோடு யாரும் மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் அந்த ஆண்டில் பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். ஜூடாஸ் ப்ரீஸ்ட் சிந்தசைசர் கிதாரை எடுத்துக்கொண்டு ‘டர்போ’ போட்டுக்கொண்டிருந்தது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பிடிக்கிற மாதிரி மெட்டலை மெழுகிக் கொடுத்த காலம் அது. உறுமல் குரலும் கனத்த கிதாருமான டெத் மெட்டல் இன்னும் பெரும்பாலும் டெமோ கேசட் (மாதிரிப் பதிவு) நிலையிலேயே தவழ்ந்தது.

என் ஓட்டு 1990-க்கு. பழைய தலைமுறைக்கு இன்னும் கையில் வலு இருந்தது. மெட்டாலிகா, ஸ்லேயர் வகை அதிவேக மெட்டலான த்ராஷ், வாசிப்புத் திறனில் உச்சத்தைத் தொட்டிருந்தது. ஃப்ளோரிடாவிலும் ஸ்டாக்ஹோமிலும் டெத் மெட்டல் முழு உருவத்தோடு வெளியே வந்துவிட்டது. மூன்று தலைமுறையும் ஒரே காலண்டரில் மோதிக்கொண்ட ஆண்டு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த ஆண்டே மெட்டாலிகாவின் கறுப்பு ஆல்பம் வந்து எல்லோருடைய கணக்கையும் மாற்றிவிட்டது.

அந்த ஆண்டின் நல்ல ஆல்பங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அவற்றில் பல, குழுவுக்குள் புதிதாக ஒரு ஆள் வந்து சேர்ந்ததால் பிறந்தவை. வந்தவன் பழைய ஆட்களைவிட வேகமானவன், இளையவன். அவனுக்கு ஈடுகொடுக்க மற்றவர்கள் ஓட வேண்டியிருந்தது. ஏன் என்ற கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இதுதான்.

முதலிடம் ஜூடாஸ் ப்ரீஸ்டின் ‘பெயின்கில்லர்’. செப்டம்பர் மாதம் வெளியானது. 1974-ல் முதல் ஆல்பம் போட்ட குழு. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 39 வயது, கிதார் கலைஞர் க்ளென் டிப்டனுக்கு 42. இந்த வயதில் ராக் குழுக்கள் வழக்கமாகப் பழைய பாட்டுகளைத் திரட்டித் தொகுப்பு போடும். 1988-ல் வந்த ‘ராம் இட் டவுன்’ ஆல்பத்தில் டிரம் மெஷினையும் உபயோகித்திருந்தார்கள், கேட்டாலே தெரியும். பத்தாண்டுகள் டிரம்ஸ் வாசித்த டேவ் ஹாலண்ட் 1989-ல் விலகினார். நல்ல வாசிப்பாளர்தான், ஆனால் சிக்கனமானவர். தாளத்தைக் கட்டிப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் இடத்துக்கு வந்தவர் ஸ்காட் டிராவிஸ். ‘ரேசர் எக்ஸ்’ என்ற குழுவில், பால் கில்பர்ட் போன்ற அதிவேகக் கிதார்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர்.

ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டுப் பாருங்கள். முதலில் கிதாரே இல்லை. சுமார் கால் நிமிடம் டிராவிஸ் மட்டும்தான். இரண்டு காலும் இரண்டு பேஸ் டிரம்மில் ஓடுகின்றன, மேலே கை ஒவ்வொரு டிரம்மாக உருண்டு வருகிறது. இருபது வருடப் பழைய குழு, தன் புது ஆல்பத்தின் முதல் வினாடிகளை நேற்று வந்தவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அப்புறம் கிதார்கள் நுழைகின்றன, அப்புறம் ஹால்ஃபோர்டின் குரல். அவர் அதுவரை உயரத்தில் பாடாதவர் இல்லை. ஆனால் முன்பெல்லாம் உச்சத்தை ஒரு கடைசிக் கூவலுக்காக வைத்திருப்பார். இங்கே பாட்டு முழுக்க அந்த உயரத்திலேயே, தொண்டையைக் கீறிக்கொண்டு நிற்கிறார். டிப்டனும் இன்னொரு கிதார்காரர் கே.கே. டவுனிங்கும் வாசிக்கும் சோலோக்களும் (தனி வாசிப்புகளும்) அப்படித்தான். டிப்டன் அந்த வயதில் இளைஞர்களின் ஸ்வீப் பிக்கிங் (ஒரே இழுப்பில் பல கம்பிகளை அடுத்தடுத்து மீட்டுவது) முறையைப் பழகிக்கொண்டு வந்து வாசித்தார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் சும்மா இருக்க விடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பதிவு நடந்தது தெற்கு பிரான்சில், மிராவால் என்ற திராட்சைத் தோட்டத்துக்குள் இருந்த ஸ்டுடியோவில். பின்னாளில் பிராட் பிட் வாங்கினாரே, அதே மிராவால். இவ்வளவு இரும்புச் சத்தம் அவ்வளவு அழகான இடத்திலிருந்து வந்தது எனக்கு இன்றும் வேடிக்கைதான். தயாரிப்பாளர் க்ரிஸ் சாங்கரைடிஸ்.

இந்த ஆல்பத்தின் பின்னணியில் ஒரு வழக்கும் உண்டு. 1985-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இரண்டு இளைஞர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். குழுவின் 1978-ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்றில் காதுக்குத் தெரியாமல் ஒரு கட்டளை ஒளிந்திருக்கிறது, அதுதான் தூண்டியது என்று குடும்பத்தினர் வழக்குப் போட்டார்கள். 1990 கோடையில் ரீனோ நகர நீதிமன்றத்தில் குழு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. ஹால்ஃபோர்ட் சாட்சிக் கூண்டில் பாடியே காட்டினார். தன் பாட்டுகளைத் தலைகீழாக ஓடவிட்டால் என்னென்ன அசட்டு வாக்கியங்கள் எல்லாம் ‘கேட்கின்றன’ என்றும் போட்டுக் காட்டினார். மூச்சு விடும் ஒலியும் கிதார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்ததுதான் அந்தக் ‘கட்டளை’ என்று நீதிபதி முடிவு செய்து, ஆகஸ்ட் கடைசியில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். சில நாட்களில் ‘பெயின்கில்லர்’ கடைக்கு வந்தது. அதன் கோபம் எல்லாம் வழக்கினால் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். பொருந்தாத பேச்சு. பதிவு வேலை அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்துவிட்டது, விசாரணை அதற்குப் பிறகுதான். கோபத்துக்குக் காரணம் தேடினால் டிரம்ஸுக்குப் பின்னால் தேடுங்கள்.

இதே ஆல்பத்தில் எல்லோரும் தலைப்புப் பாட்டையே சொல்வார்கள். என் தனிப்பட்ட தேர்வு ‘நைட் க்ராலர்’. ‘எ டச் ஆஃப் ஈவில்’ மட்டும் வேகத்தைக் குறைத்து, கீபோர்டு பின்னணியோடு வரும். நடுவே மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும் அல்லவா.

அடுத்தது மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’. சில நாட்களில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். வெளியான தேதி 1990 செப்டம்பர் 24. சரியாக ஒரு வருடம் கழித்து, 1991 செப்டம்பர் 24 அன்று, மெட்டலை ஓரங்கட்டிய க்ரஞ்ச் ராக் அலையைக் கிளப்பிய நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

டேவ் மஸ்டேன் மெட்டாலிகாவிலிருந்து 1983-ல் வெளியேற்றப்பட்டவர், அந்தக் காயத்தை எரிபொருளாக்கி மெகாடெத்தை நடத்தியவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1988 முடிவில் போதைப் பழக்கம் குழுவையே தின்றுகொண்டிருந்தது. பழைய கிதார்காரரும் டிரம்ஸ்காரரும் போனார்கள். டிரம்ஸுக்கு, முந்தைய டிரம்ஸ்காரரின் உதவியாளராக மேடையில் கருவி பூட்டிக்கொண்டிருந்த நிக் மென்சாவே வந்து உட்கார்ந்தார். இவருடைய அப்பா டான் மென்சா பெயர் பெற்ற ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர்.

கிதாருக்கு ஆள் தேடியபோது மஸ்டேன் கூப்பிட்டவர்களில் ஒருவர், டெக்சஸைச் சேர்ந்த ‘டைமண்ட்’ டேரல். பின்னாளில் உலகம் டைம்பேக் டேரல் என்று அறிந்த அதே ஆள். டேரலுக்குச் சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை: தன் அண்ணன் வின்னி பாலையும் டிரம்ஸுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மென்சாவை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றார் மஸ்டேன். அப்படியானால் நானும் வரவில்லை என்று டேரல் தன் குழுவான பாண்டெராவிலேயே இருந்துவிட்டார். மெகாடெத்தில் அந்த இடத்துக்கு மார்ட்டி ஃப்ரீட்மன் வந்தார். இதில் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பார்த்தால், ஒருவருக்கும் இல்லை. டேரல் போயிருந்தால் பாண்டெராவின் ‘கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல்’ இல்லை. மார்ட்டி ஃப்ரீட்மன் வராதிருந்தால் ‘ரஸ்ட் இன் பீஸ்’ இப்போதைய வடிவில் இல்லை. அண்ணன் மேல் தம்பி வைத்த பாசத்தால் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய ஆல்பங்கள் நமக்குக் கிடைத்தன.

ஃப்ரீட்மன் வாசிப்பில் என்ன விசேஷம்? வேகம் என்றால் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருவர் வேகமாக வாசித்தார். இவர் வாசிப்பில் ஸ்வரத் தேர்வே வேறு. கிழக்கத்திய சாயல் உள்ள ஸ்வரங்களைத் தேடிப் போவார். எந்த ஸ்வரத்தையும் நேராகத் தொடமாட்டார். கொஞ்சம் கீழே இருந்து கம்பியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வார், சேர்ந்த பிறகும் அசைத்துக்கொண்டிருப்பார். கமகத்துக்குப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ‘டொர்னாடோ ஆஃப் சோல்ஸ்’ பாட்டின் நடுவில் வரும் சோலோவைத் தனியாகக் கேளுங்கள். மெல்ல ஆரம்பித்து, ஒரு ராகத்தை ஆலாபனை செய்வது போல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி ஏறி, கடைசியில்தான் வேகத்தை அவிழ்த்துவிடுகிறார். அந்தச் சோலோவுக்குள் மட்டும் ஒரு முழுப் பாட்டு இருக்கிறது.

மஸ்டேனும் சும்மா இல்லை. ‘ஹேங்கர் 18’ பாட்டின் பின்பாதி முழுவதும் அவரும் ஃப்ரீட்மனும் மாறி மாறி சோலோ வாசிக்கிறார்கள். ஃப்ரீட்மன் வழவழவென்று போனால் மஸ்டேன் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். யார் எது என்று பெயர் சொல்லாமலே கண்டுபிடிக்கலாம். முதல் பாட்டான ‘ஹோலி வார்ஸ்’ பிறந்தது 1988-ல், வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் நகரக் கச்சேரியில். அங்கே இருந்த அரசியல் பகையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் மஸ்டேன் மேடையில் ஒரு பாட்டை ஒரு தரப்புக்குச் சமர்ப்பிக்க, அரங்கமே அடிதடியாகிவிட்டது. அந்தக் குழப்பத்தின் பின்விளைவுதான் பாட்டு. ஆல்பத்தின் பெயர், அணு ஆயுதங்கள் எல்லாம் துருப்பிடித்து அமைதியாகக் கிடக்கட்டும் என்று ஒரு காரின் பின்புறம் ஒட்டியிருந்த வாசகத்திலிருந்து வந்தது. அட்டையில் எட் ரெப்கா வரைந்த படத்தில் புஷ், கோர்பச்சேவ் உட்பட ஐந்து தலைவர்கள் உறைபனிக்குள் கிடக்கும் வேற்றுக்கிரகவாசியைச் சுற்றி நிற்கிறார்கள். பெர்லின் சுவர் விழுந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது.

இனி டேரல் பக்கம். பாண்டெராவின் ‘கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல்’ ஜூலை மாதம் வந்தது. இது அவர்களின் முதல் ஆல்பம் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் ஐந்தாவது. முந்தைய நான்கும் சொந்தச் செலவில் வெளியிட்டவை, பெரும்பாலும் பளபள உடையும் உப்பிய தலைமுடியுமான கிளாம் மெட்டல். குழுவே பின்னாளில் அவற்றைப் பற்றிப் பேச விரும்பவில்லை. நடுவில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த புதுப் பாடகர் ஃபில் அன்செல்மோ, த்ராஷ், ஹார்ட்கோர் (முரட்டு பங்க் ராக்) என்று வேறு உணவு உண்டு வளர்ந்தவர். அவர் வந்த பிறகுதான் திசை திரும்பியது.

அந்தக் கிதார் சத்தத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயரைத்தான் உயர்வாகச் சொல்வார்கள், வால்வு ஒலியில் ஒரு சூடு இருக்கும். டேரல் டிரான்சிஸ்டர் வைத்த ராண்டால் ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துக்கொண்டார். சூடு இல்லை, வெட்டு இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் ரம்பப் பல் மாதிரி தனித்தனியாக நிற்கும். அதற்கு அடியில் வின்னி பாலின் பேஸ் டிரம் ‘டக் டக்’ என்று தட்டச்சு ஓசையில் சேர்கிறது. த்ராஷ் ஓடியது என்றால் இது தள்ளாடி ஆடியது, இடுப்பை அசைக்க வைக்கும் தாளம். தொண்ணூறுகள் முழுக்க நூற்றுக்கணக்கான குழுக்கள் இதைத்தான் காப்பியடித்தன. ‘செமட்டரி கேட்ஸ்’ பாட்டின் கடைசியில் அன்செல்மோ உச்சத்தில் கத்துவதும், டேரல் வாம்மி பாரை (கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) வைத்து அதே உயரத்தைக் கிதாரில் கீச்சிடவைப்பதும் மாறி மாறி வருமே, யார் குரல் எங்கே முடிகிறது என்று ஒரு கட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அன்செல்மோ ஹால்ஃபோர்டின் சீடர்தான் என்பதும் அங்கேதான் வெளிப்படும். 1991 தொடக்கத்தில் ஜூடாஸ் ப்ரீஸ்டின் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் பாண்டெராவும், கனடாவின் அனைஹிலேட்டரும் முன்குழுக்களாகப் போனார்கள். மூன்று குழுவும் 1990-ல் ஆல்பம் போட்டவை. ஒரே டிக்கெட்டில் அத்தனையும் பார்த்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

ஸ்லேயரின் ‘சீசன்ஸ் இன் த அபிஸ்’ என் புது ஆள் கணக்குக்குள் அடங்காது. முதல் ஆல்பத்திலிருந்தே இருந்த அதே நால்வர். ‘ரெய்ன் இன் பிளட்’ 29 நிமிடத்தில் ஓடி முடித்தது. 1988-ல் ‘சவுத் ஆஃப் ஹெவன்’ வேண்டுமென்றே மெதுவாக நடந்தது. இதில் இரண்டையும் சேர்த்துப் பிசைந்தார்கள். ‘வார் என்செம்பிள்’ பழைய வேகம், தலைப்புப் பாட்டு புது இருட்டு. அந்தத் தலைப்புப் பாட்டின் வீடியோவை எகிப்தில், கீசா பிரமிடுகளின் முன்னால் எடுத்தார்கள், வளைகுடாப் போர் மூளும் நேரத்தில். ஒலிப் பொறியாளர் ஆண்டி வாலஸ். இவரேதான் அடுத்த ஆண்டு ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தையும் மிக்ஸ் செய்தார், அதாவது தனித்தனிப் பதிவுகளை அளவு பார்த்து ஒன்றாகக் கலந்தார். மெட்டலுக்கு மாலை போட்ட கையும் அடுத்து வந்ததற்கு மாலை போட்ட கையும் ஒன்றே. டிரம்ஸ்காரர் டேவ் லொம்பார்டோ இதற்குப் பின் விலகி, 2006-ல்தான் மறுபடி ஸ்லேயர் ஆல்பம் ஒன்றில் வாசித்தார். நால்வரும் ஒருவரை ஒருவர் முழுதாக அறிந்து வாசித்த கடைசி நேரம் இது என்பது கேட்கும்போதே தெரிகிறது. ஆகவே என் கணக்கு எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஐயன் மெய்டன் குழுவுக்கும் 1990-ல் புது ஆள் வந்தார். ஏட்ரியன் ஸ்மித் விலகி, ஜானிக் கெர்ஸ் கிதார் எடுத்தார். ‘நோ ப்ரேயர் ஃபார் த டையிங்’ அக்டோபரில் வந்தது. ஆனால் வந்தவருக்கு ஈடுகொடுக்க யாரும் ஓடவில்லை. மாறாக, முந்தைய இரண்டு ஆல்பங்களின் பிரம்மாண்டம் போதும், எளிமைக்குத் திரும்புவோம் என்று முடிவெடுத்து, குழுவின் பேஸ் கிதார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் வீட்டுக் கொட்டகையில், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பதிவு செய்தார்கள். கேட்டால் கொட்டகையில் பதிவு செய்தது போலவேதான் இருக்கிறது. இதிலிருந்து வந்த ‘பிரிங் யுவர் டாட்டர்’ பாட்டு 1991 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மெய்டனின் அத்தனை மகத்தான பாட்டுகளையும் விட்டுவிட்டு இதற்குப் போய் முதலிடம். ரசனைக்கும் விற்பனைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேறு அளவுகோல் வேண்டாம்.

ஆந்த்ராக்ஸின் ‘பெர்சிஸ்டன்ஸ் ஆஃப் டைம்’ பற்றிச் சுருக்கமாக. கோமாளித்தனத்துக்குப் பேர்போன குழு முகத்தை இறுக்கிக்கொண்டு செய்த ஆல்பம். அந்த ஆண்டு ஜனவரியில் அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்தில் தீப்பிடித்துக் கருவிகள் போயின. அதன் எரிச்சல் ஆல்பத்தில் இருக்கிறது. பாட்டுகள் கொஞ்சம் நீளம், நிமிடக் கணக்கில் வெட்டியிருக்கலாம்.

இனி டெத் மெட்டல். இந்த ஆண்டை 1986-க்கு மேலே தூக்கி வைப்பது உண்மையில் இந்தப் பகுதிதான்.

ஸ்வீடனின் என்டூம்ட் குழு ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ வெளியிட்டபோது ஆட்கள் எல்லாம் பள்ளிக்கூட வயதைத் தாண்டி அதிக காலம் ஆகாதவர்கள். ‘நிஹிலிஸ்ட்’ என்ற பெயரில் டெமோ போட்டுக்கொண்டிருந்த கூட்டம். ஸ்டாக்ஹோமில் டோமாஸ் ஸ்கோக்ஸ்பெர்க் நடத்திய சன்லைட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். அவர்களின் கிதார் சத்தத்துக்குக் காரணம், பாஸ் நிறுவனம் தயாரித்த எச்எம்-2 என்ற காலால் அழுத்தும் பெடல். கறுப்புப் பெட்டி, ஆரஞ்சு எழுத்து, நான்கு குமிழ்கள்: ஒலி அளவு, தாழ்ந்த அதிர்வு, உயர்ந்த அதிர்வு, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது). தயாரித்தவர்கள் நினைத்தது, வாசிப்பவர் அவற்றைப் பதமாகத் திருப்பி, மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் கனமான ஒலியை வீட்டிலேயே வரவழைத்துக்கொள்வார் என்று. இந்தப் பையன்கள் நான்கையும் கடைசி வரை திருகிவிட்டார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம். தேனீக் கூட்டையும் மரமறுக்கும் இயந்திரத்தையும் ஒன்றாகப் பூட்டி வைத்த சத்தம். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் ஸ்வீடிஷ் டெத் மெட்டல் என்று சொல்லிக்கொள்ளும் குழுக்கள் அந்த நான்கு குமிழையும் அதே மாதிரி திருகிக்கொண்டிருக்கின்றன. தயாரிப்பு நின்றுபோன அந்தப் பெடலுக்கு விலை ஏறி, நிறுவனமே பல ஆண்டுகள் கழித்து அதன் புதிய பதிப்பைச் செய்து விற்றது.

தலைப்புப் பாட்டின் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடித்து நொறுக்கிவிட்டு, திடீரென்று வேகம் குறைந்து, ‘ஃபேண்டசம்’ என்ற பழைய பேய்ப்படத்தின் இசையைத் தழுவிய மெட்டு ஒன்று கிதாரில் எழும். இருபது வயதைச் சுற்றியிருந்த பையன்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்ததே, அதுதான் ஆச்சரியம்.

ஃப்ளோரிடாவில் மையம் வேறு: டாம்பா நகரின் மோரிசவுண்ட் ஸ்டுடியோ, அங்கே ஸ்காட் பர்ன்ஸ் என்ற ஒலிப் பொறியாளர். 1990-ல் அந்த ஒரே வாசல் வழியாக டெத் குழுவின் ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’, டிசைட் குழுவின் முதல் ஆல்பம், ஒபிச்சுவரியின் ‘காஸ் ஆஃப் டெத்’ எல்லாம் வெளியே வந்தன. இங்கிலாந்திலிருந்து நேபாம் டெத்தே கிளம்பி வந்து ‘ஹார்மனி கரப்ஷன்’ ஆல்பத்தை அங்கே பதிவு செய்துகொண்டு போனது. இங்கேயும் புது ஆள் கதைதான். ஜேம்ஸ் மர்ஃபி என்ற கிதார்காரர் பிப்ரவரியில் வந்த டெத் ஆல்பத்தில் வாசித்தார், செப்டம்பரில் வந்த ஒபிச்சுவரி ஆல்பத்திலும் வாசித்தார். இரண்டிலும் அவர் நிரந்தரமாகத் தங்கவில்லை. ஒபிச்சுவரி சேற்றில் நடப்பது போன்ற கனத்த ரிஃபுகளுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிதார் சொற்றொடர்களுக்கு) பெயர் பெற்றது. ஜான் டார்டியின் குரலோ வார்த்தைகளைப் பற்றிக் கவலையே படாது. அந்தச் சேற்றுக்கு மேல் மர்ஃபியின் மெல்லிய, இழைந்த சோலோ வரும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று ஒளி கூட்டுகிறது. டாம்பா ஆல்பங்களில் எனக்கு இதுதான் முதல். ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ முக்கியமான ஆல்பம், ஆனால் டெத் குழுவின் தலைவர் சக் ஷுல்டினரின் உண்மையான பாய்ச்சல் அடுத்த ஆண்டு ‘ஹ்யூமன்’ ஆல்பத்தில்தான். டிசைட் வேகத்துக்கும் வம்புக்கும் சரி, திரும்பத் திரும்பக் கேட்க எனக்கு அதில் அதிகம் இல்லை.

இந்தச் சத்தத்திலிருந்தெல்லாம் முற்றிலும் விலகி நிற்பது பாத்தரியின் ‘ஹேமர்ஹார்ட்’. ஸ்வீடனைச் சேர்ந்த க்வோர்தான் என்பவரின் மூளையில் பிறந்த குழு. சாத்தானைப் பாடும் இருண்ட மெட்டலான பிளாக் மெட்டலுக்கு எண்பதுகளில் அடித்தளம் போட்டவர், இங்கே சாத்தானை விட்டுவிட்டு வைக்கிங் மூதாதையரிடம் போகிறார். பத்து நிமிடத்துக்கு நீளும் பாட்டுகள், பின்னணியில் கூட்டுக்குரல், கடலலை ஓசை. கடைசிப் பாட்டு ஸ்வீடனுக்குள் கிறிஸ்தவம் நுழைந்த நாளைச் சொல்கிறது. அட்டையில் ஃப்ராங்க் டிக்ஸியின் 1893-ஆம் ஆண்டு ஓவியம், ஒரு வைக்கிங்கின் உடலைப் படகில் ஏற்றிக் கொளுத்தும் காட்சி. க்வோர்தான் பாடுவதில் சுருதி பல இடங்களில் விலகும். சங்கீத ஆசிரியர் யாரும் மன்னிக்க மாட்டார். ஆனால் சுத்தமாகப் பாடத் தெரிந்த ஒருவர் பாடியிருந்தால் இந்தப் பாட்டுகள் நாடகமேடைப் பாட்டாகிப் போயிருக்கும். தனக்கு எட்டாத உயரத்துக்கு ஒருவர் கை நீட்டுவது கேட்கிறது, அது போதும். நான் அடிக்கடி எடுத்துக் கேட்பது எது என்று கேட்டால், உண்மையில் இந்த ஆல்பம்தான்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிலிப்பினோ வம்சாவளி உறவுக்காரப் பையன்கள் சான் ஃப்ரான்சிஸ்கோ பகுதியில் ஆரம்பித்த டெத் ஏஞ்சல், ‘ஆக்ட் III’ என்ற அருமையான ஆல்பம் போட்டு, பெரிய குழுவாகப் போகிறது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், அதே ஆண்டு பேருந்து விபத்தில் டிரம்ஸ்காரர் படுகாயமடைய, எல்லாம் நின்றுபோனது. த்ராஷில் இவ்வளவு மெட்டு வைத்தவர்கள் குறைவு, கட்டாயம் கேளுங்கள். அனைஹிலேட்டரின் ‘நெவர், நெவர்லேண்ட்’ கிதார் கற்பவர்களுக்குப் பாடப்புத்தகம். பிளாக் சாபத்தின் ‘டிர்’, டோனி மார்ட்டின் குரலுக்காக ஒருமுறை கேட்கலாம். குவீன்ஸ்ரைக்கின் ‘எம்பயர்’ நன்றாக விற்றது, நன்றாகவும் பதிவு செய்யப்பட்டது, எனக்கு ரொம்ப வழவழப்பு. ஆலிஸ் இன் செய்ன்ஸின் ‘ஃபேஸ்லிஃப்ட்’ நல்ல ஆல்பம், இதை மெட்டல் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

வரிசை வேண்டும் என்றால்: பெயின்கில்லர், ரஸ்ட் இன் பீஸ், ஹேமர்ஹார்ட், லெஃப்ட் ஹேண்ட் பாத், கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல், சீசன்ஸ் இன் த அபிஸ், காஸ் ஆஃப் டெத், ஆக்ட் III. அதற்குக் கீழே இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

மெட்டலே புதிது என்பவர்கள் ‘பெயின்கில்லர்’ ஆல்பத்தில் ஆரம்பிக்க வேண்டாம், காது மிரண்டுவிடும். ‘ரஸ்ட் இன் பீஸ்’ ஆல்பத்தில் ‘ஹேங்கர் 18’ பாட்டைப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: மஸ்டேன் 2004-ல் அந்த ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் செய்தார். சில பாட்டுகளில் பழைய குரல் பதிவு கிடைக்காமல் மறுபடி பாடியும் சேர்த்தார். டிரம்ஸ் ஓசையும் மாறிப்போனது. இணையத்தில் பல இடங்களில் முதலில் வந்து நிற்பது அந்தப் பதிப்புதான். பெயருக்குப் பக்கத்தில் ‘ரீமிக்ஸ்’, ‘2004’ என்று இருந்தால் தள்ளிவிட்டு, 1990-ஆம் ஆண்டு மிக்ஸைத் தேடி எடுங்கள்.